டார்ட்மூர் மேட்டுநிலக் குடியானவரின் கோடைக்காலம்

மேய்ச்சல் நிலம் பலருக்குப் பொதுவாக இருந்தால் அது விரைவிற் பாழாகிவிடும் என்பது பலரிடத்தும் காணப்படும் அபிப்பிராயம். ஒவ்வொருவரும் தத்தம் கால்நடைகளைக் கூடுதலாக ஓட்டி விடுவர். தடுப்பார் எவரும் இரார். புல் வேரோடு அழியும். முடிவில் எல்லோரும் நஷ்டமடைவர் என்று அதற்குக் காரணம் கூறுவர். இவ்வபிப்பிராயம் முற்றும் உண்மையன்று, முற்றும் பொய்யுமன்று. இரண்டிற்கும் ஏற்ற சான்று இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்திற் கிடைக்கிறது. அந்நிலத்துக் குடியானவர் கோடைக்காலத்தைக் கழிக்கும் முறையை வரிசையாகக் கவனித்தால், பொது மேய்ச்சல் நிலம் எதனால் நிலைக்கிறது, எதனால் கெடுகிறது என்னும் இரண்டும் விளங்கும்.

1. நிலமும் காலமும்

டார்ட்மூர் டெவன் ஜில்லாவில் உளது. 1951-ஆம் ஆண்டு தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்ட பிரதேசத்தின் பரப்பு 368 சதுர மைல். அதன் மிக உயர்ந்த சிகரமான ஹை வில்ஹேஸ் 621 மீட்டர், அதாவது 2,000 அடிக்குச் சற்று அதிகமான உயரமுடையது. நிலத்தின் அடியில் இருப்பது கருங்கல். குன்றுகளின் உச்சியில் மண் கரைந்துபோக, பாறைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும். இப்பாறைக் குவியல்களை அந்நாட்டார் டார் என்பர்.

அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் இம்மேட்டில் மோதுவதால் மழை மிகுதி. நடுவிலுள்ள பிரின்ஸ்டவுன் என்னும் ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. நீர் வடியாத இடங்களில் செத்த பாசியும் கோரையும் முற்றும் மக்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து கறுத்த நார்மண்ணாயின. பீட் எனப்படும் இம்மண் பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுகிறது. டார்ட், டேவி, டெய்ன், டா, பிளிம் முதலிய ஆறுகள் இங்கேயே உற்பத்தியாகின்றன. மேட்டுநிலத்தின் பெயரும் டார்ட் நதியினின்று வந்ததே.

கோடை என்றதும் தமிழர் மனத்தில் வறண்ட ஏரியும், கருகிய புல்லும், நிழல் தேடும் மாடுகளும் தோன்றும். டார்ட்மூரில் நிலைமை நேர்மாறானது. அங்கே வறுமைக்காலம் குளிர்காலமே. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புல் வளராது. குளிர்ந்த மழையும், உறைபனியும், சில ஆண்டுகளில் வெண்பனியும் மாறி மாறி வரும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய மூன்று மாதங்களே செழிப்பான காலம். அப்பொழுதும் ஜூலை மாதத்துப் பகல் வெப்பம் சராசரியில் 20 டிகிரி சென்டிகிரேடைத் தொடுவதில்லை. ஆனால் ஜூன் மாத இறுதியில் பகற்பொழுது 16 மணி நேரத்திற்கும் மேல் நீளும். காலை ஐந்து மணிக்கு உதித்த கதிரவன் இரவு ஒன்பதரை மணி வரை மறைவதில்லை. இந்த நெடும்பகலில் ஓராண்டுக்குரிய வேலையிற் பெரும்பகுதியை முடித்தாக வேண்டும்.

2. பண்ணையின் மூன்று பகுதிகள்

டார்ட்மூர்ப் பண்ணை பெரும்பாலும் காற்று தாக்காத பள்ளத்தாக்கின் சரிவில் அமைந்திருக்கும். வீட்டைச் சுற்றிலும் சுண்ணாம்பு இன்றி அடுக்கிய கற்சுவர்களால் வேலியிட்ட சிறு வயல்கள் உள. வயலினின்று பொறுக்கிய கற்களே சுவராயின. ஆதலின் சுவரின் பருமன் முன்னோர் உழைப்பின் அளவைக் காட்டும். இவ்வயல்களே உலர்புல் விளையும் இடம். அவற்றிற்கு மேலே பொதுநிலத்தினின்று பிற்காலத்தில் வளைத்துக்கொண்ட பெரிய அடைப்புகள் சில பண்ணைகளுக்கு உண்டு. அவற்றிற்கும் அப்பால், மலைவாயில் என்னும் படலைத் திறந்தால், வேலியற்ற பொதுநிலம் தொடங்குகிறது. தேசியப் பூங்காவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகமானது இவ்வகைப் பொதுநிலம்.

பொதுநிலம் என்றால் உடைமையாளர் இல்லாத நிலம் என்று கருதலாகாது. நடுப்பகுதியான டார்ட்மூர் வனம் 1337-ஆம் ஆண்டு முதல் கார்ன்வால் டச்சி என்னும் அரசகுமாரரின் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வனம் என்ற பெயர் மரங்களைக் குறிப்பதன்று. அரசர் வேட்டைக்கு ஒதுக்கிய இடத்தைக் குறிப்பது. 1204-ஆம் ஆண்டில் ஜான் மன்னர் டெவனின் மற்றைப் பகுதிகளை வேட்டைச் சட்டத்தினின்று நீக்கியபோது டார்ட்மூரையும் எக்ஸ்மூரையும் மட்டும் நிறுத்திக்கொண்டார். நிலம் ஒருவருடையதாயினும் அதில் மேய்க்கும் உரிமை சுற்றிலுமுள்ள பண்ணைகளுக்கு உண்டு. மேய்ச்சலேயன்றி, எரிக்கப் பீட் வெட்டவும், தொழுவத்திற் பரப்பப் பெரணி அறுக்கவும், கல்லும் மணலும் எடுக்கவும் தனித்தனி உரிமைகள் இருந்தன. இவ்வுரிமை ஆளுக்குரியதன்று, பண்ணைக்குரியது. பண்ணையை வாங்குவோருக்கு உரிமையும் உடன் சேரும்.

பழைய வீடுகளின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. நீள்வீடு எனப்படும் அக்கட்டிடத்தில் ஒரே கூரையின்கீழ் மேற்பக்கம் மனிதரும் கீழ்ப்பக்கம் மாடுகளும் வசித்தனர். நடுவே ஒரு குறுக்கு வழி இருந்தது. மாடுகளின் உடல் வெப்பம் வீட்டிற்குப் பயன்பட்டது. சரிவின் கீழ்ப்புறமாகத் தொழுவம் இருந்தமையால் கழிவுநீர் சாக்கடை வழியே வெளியேறிற்று. பதினான்காம் நூற்றாண்டில் தோன்றிய ஹையர் அப்பகாட் என்னும் நீள்வீடு இன்றும் காக்கப்பட்டு வருகிறது.

3. கோடையின் காட்சி

மே மாத இறுதியில் மேட்டுநிலம் பழுப்பு நிறம் நீங்கிப் பசுமையுறும். ஜூனில் சதுப்புகளின்மேல் பஞ்சுக்கோரை பூத்து, இலவம்பஞ்சு சிந்தியதுபோல் வெள்ளை வெள்ளையாக அசையும். வெண்ணிறம் கண்ட இடத்தில் காலை வைக்கலாகாது என்பது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அடியில் ஆழமான சேறு இருக்கும். ஜூலையில் ஹெதர் இனச் செடிகளில் முதல்வகை பூக்கத் தொடங்கும். ஆகஸ்டில் முக்கியமான வகை பூத்துக் குன்றுகள் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமாகும். கூடவே கார்ஸ் என்னும் முட்செடி பொன்மஞ்சளாகப் பூக்கும். தேனீ வளர்ப்போர் இக்காலத்தில் தம் பெட்டிகளை மேட்டுநிலத்தின் ஓரத்திற்குக் கொண்டுவருவர்.

இந்தக் கார்ஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு முட்செடி நீலகிரிவாசிகளுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அதனை உதகமண்டலப் பக்கத்திற் கொணர்ந்து நட்டனர். இன்று அது அங்குள்ள இயற்கைப் புல்வெளிகளை ஆக்கிரமிக்கும் களையாக இருக்கிறது. பிறந்த மண்ணில் குதிரையும் ஆடும் அதன் இளந்தளிரைக் கடித்து அடக்கி வைக்கின்றன. குடியானவரும் அதனை வெட்டுகின்றனர். ஒரு செடி பயனுள்ளதா களையா என்பது அது நிற்கும் இடத்தையும் அதனைத் தின்பவற்றையும் பொறுத்தது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வானம்பாடி விடியலிலேயே மேலெழுந்து பாடும். ஏப்ரல் இறுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் குக்கூ என்னும் குயில், புல்லிற் கூடுகட்டும் நெட்டைக்காலிக் குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுக் கோடை முடியுமுன்னரே திரும்பிப்போகும். இங்கிலாந்தின் பல பாகங்களில் அரிதாகிவிட்ட இப்பறவைக்கு டார்ட்மூர் முக்கியமான புகலிடமாக இருந்துவருகிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தாழ்ந்த செடிகளில் கருநீலச் சிறுகனிகள் பழுக்கும். பெண்டிரும் பிள்ளைகளும் அவற்றைப் பறித்து வந்து மாவப்பத்தில் வைத்துச் சுட்டு, டெவனுக்குப் பேர்போன கட்டிப் பாலேட்டுடன் உண்பர். பறிப்போர் கைவிரலும் நாவும் நீலமாகிவிடும். யார் கூடையை நிரப்பினார், யார் வாயை நிரப்பினார் என்பது மறைக்க முடியாததாகும்.

4. மந்தை மலையேறுதல்

ஆடுகள் ஏப்ரலில் வீட்டு வயல்களிற் குட்டி ஈனும். மே மாதத்தில் தாயும் குட்டியும் மலைவாயில் வழியாகப் பொதுநிலத்திற்கு ஓட்டப்படும். அவற்றைத் தொடர்ந்து மாடுகளும் செல்லும். மட்டக்குதிரைகள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்து, மே, ஜூன் மாதங்களிற் குட்டி போடும்.

வேலியில்லாத பல மைல் பரப்பில் ஒரு பண்ணையின் ஆடுகள் மற்றொன்றின் ஆடுகளோடு கலந்து எங்கும் சிதறாமலிருப்பது எவ்வாறு? ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் ஒரு பழகிய இடம் உண்டு. டார்ட்மூரில் அதனை லியர் என்பர். தாயாடு மேய்ந்த இடத்தைக் குட்டி தாயுடன் நடந்து கற்கிறது; பின்பு அது தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. எந்த ஓடையில் நீர் உண்டு, மேற்குக் காற்று அடிக்கையில் எந்தப் பாறையின் மறைவில் ஒதுங்கலாம் என்பவை இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வழிவருகின்றன. கல்லால் எழுப்பிய வேலி சரிந்தால் ஒரு வாரத்தில் எடுத்துக்கட்டலாம். ஆட்டின் நினைவால் ஆகிய இவ்வேலி அழிந்தால் மீண்டும் அமையப் பல ஆண்டுகள் வேண்டும். அதுவரை ஒருவர் நின்று காத்துத் திருப்ப வேண்டும். ஆதலின் பண்ணை கைமாறும்போது மலை மந்தையையும் நிலத்தோடு சேர்த்தே ஒப்படைப்பது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது.

2001-ஆம் ஆண்டில் பிரிட்டனிற் கோமாரி நோய் பரவி, 60 லட்சத்திற்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. டெவன் மிகவும் பாதிக்கப்பட்ட பிரதேசங்களுள் ஒன்று. நோய்க்குத் தப்பிய மலைக் குடியானவரும் அவ்வாண்டு பெருங் கவலையுற்றனர். மந்தை போனால் பணத்தைக் கொடுத்து வேறு ஆடு வாங்கலாம், மலையை அறிந்த ஆட்டை எங்கே வாங்குவது என்பதே அக்கவலை.

5. ரோமம் கத்தரித்தலும் நோய்த் தடுப்பும்

ஜூன் பிற்பகுதியிலும் ஜூலையிலும் மந்தை கத்தரிப்புக்காகக் கீழே இறக்கப்படும். அயற்பண்ணையார் கூடி, குதிரையிலும், கால்நடையாகவும், இக்காலத்தில் நாற்சக்கர வண்டியிலும் ஏறி, மந்தை நாய்களுடன் விடியற்காலையிற் புறப்படுவர். ஒருவர் மட்டும் முயன்றால் ஆடுகள் பக்கத்துக் குன்றுக்கு ஓடிவிடும். ஆகையால் இது கூட்டாகவே செய்யப்படும் வேலை. பட்டியில் அடைத்தபின் காதுக்குறியையும் உடலிலிட்ட வர்ணக்குறியையும் பார்த்துப் பிறருடைய ஆடுகளைப் பிரித்து அனுப்புவர்.

கத்தரிப்பதற்குக் காலம் பார்த்தல் அவசியம். பழைய ரோமத்தின் அடியிற் புதிய ரோமம் சிறிது எழும்பி, எண்ணெய்ப் பசை மேலேறிய பின்னரே கத்தி இலகுவாகச் செல்லும். முற்காலத்தில் கைக்கத்தரிக்கோலால் அயலார் பலர் உட்கார்ந்து கத்தரித்தனர். வீட்டுப் பெண்டிர் அனைவர்க்கும் உணவு சமைத்தனர். இன்று கூலிக்கு வரும் தேர்ந்த கத்தரிப்பாளர் மின்சாரக் கத்தியால் ஒரு நாளில் 200-க்கு மேற்பட்ட ஆடுகளைக் கத்தரிக்கின்றனர்.

இவ்வேலையால் வரும் ஆதாயத்தைப் பற்றி ஒரு சொல். மலையாட்டின் ரோமம் முரடானது. கம்பளம் நெய்வதற்கே பெரும்பாலும் உதவும். செயற்கை நூல் பரவியபின் அதன் விலை வீழ்ந்து, பல ஆண்டுகளில் ரோமம் விற்ற தொகை கத்தரித்த கூலிக்குப் போதாமலிருக்கிறது. அங்ஙனமாயினும் கத்தரிப்பை நிறுத்த இயலாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த நாட்களில் பச்சை ஈ அழுக்கடைந்த ரோமத்தில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழுக்கள் தோன்றி உயிருள்ள தசையைத் தின்னத் தொடங்கும். கவனியாது விட்ட ஆடு சில நாட்களில் மாளும். தலையைத் திருப்பித் தன் முதுகைக் கடிப்பதும், வாலை ஓயாது ஆட்டுவதும், மந்தையை விட்டுத் தனித்து நிற்பதும் இதன் குறிகள். ஆகையால் குடியானவர் கோடையில் நாள்தோறும் மலைக்குச் சென்று மந்தையைப் பார்வையிட வேண்டியவராகிறார். பெரணிப் புதர்களில் வாழும் உண்ணிகளும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நோய் பரப்புகின்றன. அவற்றுட் சில மனிதருக்கும் லைம் என்னும் நோயைத் தருகின்றன. மாலையில் வீடு திரும்பியதும் காலையும் முழங்காற் பின்புறத்தையும் சோதித்துக்கொள்ளுதல் அங்கே பழக்கம்.

6. உலர்புல் சேகரித்தல்

கோடை வேலைகளுள் தலையாயது உலர்புல் சேகரித்தலே. மந்தை மலைக்குச் சென்றபின் வீட்டு வயல்களில் ஒரு வாயும் புல்லைக் கடிக்கலாகாது. மே முதல் வளர்ந்த புல் ஜூன் இறுதியில் அல்லது ஜூலையில் அறுக்கப்படும். மலைப்புல் மந்தையைக் காக்கிறது. மந்தை மலையில் இருப்பதால் வயற்புல் காக்கப்படுகிறது. வயற்புல் குளிர்காலத்தில் மந்தையைக் காக்கிறது. பண்ணை முழுவதும் இந்த ஒரு சுழற்சியால் நடைபெறுகிறது.

அறுத்த புல்லைப் பரப்பி, புரட்டி, காயவைத்துக் கட்டுவதற்கு மூன்று முதல் ஐந்து நாட்கள் மழையின்றி இருத்தல் வேண்டும். இம்மேட்டில் அத்தகைய நாட்கள் சேர்ந்து வருவது எளிதன்று. புல்லை முன்னதாக அறுத்து மழையிற் பறிகொடுத்தால் சத்தெல்லாம் கழுவிப்போகும். மழைக்கு அஞ்சிக் காலங்கடத்தினால் புல் முற்றித் தண்டாகும். ஈரம் போகாமற் கட்டிப் போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். சிலபோது தானே தீப்பற்றிக் களஞ்சியத்தையும் எரித்துவிடும். ஆகவே எந்த நாளிற் கத்தியை வைப்பது என்று முடிவு செய்வதே குடியானவரின் ஆண்டு முழுவதற்குமான பரீட்சை.

வானம் தெளிந்துவிட்டால் வீட்டில் எவரும் ஓய்ந்திரார். ஒருவர் அறுப்பார், ஒருவர் புரட்டுவார், பிள்ளைகள் கட்டுகளை எண்ணுவர், தேநீரும் அப்பமும் வயலுக்கே வரும். மேற்கே டார் உச்சிகளை மேகம் மூடுவது கண்டால், உண்டுகொண்டிருப்பவரும் எழுந்துவிடுவர். இக்காலத்தில் பலர் புல்லை அரைகுறை ஈரத்துடன் பிளாஸ்டிக் உறையிற் காற்றுப் புகாமற் சுற்றி ஊறுபுல்லாகச் செய்கின்றனர். அதற்கு ஓரிரு நாள் வெயில் போதும். ஆயினும் இயந்திரச் செலவும் உறைச் செலவும் அதிகம். வளைந்த சிறு வயல்களிற் பெரிய இயந்திரம் திரும்புவதும் கடினம்.

7. குளிர்காலமே கோடையை அளக்கும் விதி

பொதுநிலத்தில் ஒரு பண்ணை எத்தனை கால்நடைகளை விடலாம்? இங்கிலாந்தின் பழைய வழக்கச் சட்டம் இதற்கு எளியதொரு விடை தந்தது. ஒரு பண்ணை தன் சொந்த வயல்களின் விளைவைக்கொண்டு குளிர்காலத்தில் எத்தனை உருப்படிகளைக் காப்பாற்றக் கூடுமோ, அத்தனையை மட்டுமே கோடையிற் பொதுநிலத்தில் விடலாம் என்பதே அவ்விதி. எடுத்துக்காட்டாக, ஒருவருடைய உலர்புல் 20 மாடுகளுக்குப் போதுமானதெனின், வசந்தத்திற் கடன் வாங்கி மேலும் 20 மாடு பிடித்து மலையில் ஓட்டிக் கொழுக்கவைத்து விற்க அவருக்கு உரிமையில்லை.

இவ்விதியின் நுட்பம் கருதத்தக்கது. எண்ணிக்கையை அதிகாரி ஒருவர் வந்து விதிக்கவில்லை. ஒவ்வொருவருடைய வைக்கோற்போரே விதித்தது. போரை அயலார் யாவரும் கண்ணாற் காண்பர். ஆகையால் ஒளிக்க வழியில்லை. பொது நிலத்தை அதிகம் அனுபவிக்க விரும்புவோர் முதலில் தம் சொந்த நிலத்தை நன்கு பேண வேண்டும். டார்ட்மூர் வனத்திற்கோவெனில், டெவனின் பிற பாகத்தாரும் கட்டணம் செலுத்திக் கோடைக்கு மட்டும் மாடுகளை அனுப்பும் பழைய வழக்கமும் இருந்தது; அவற்றிற்குத் தனி மேய்ப்பரும் கணக்கும் இருந்தன.

8. விதி தளர்ந்தபோது நேர்ந்தது

இருபதாம் நூற்றாண்டில் இவ்வேற்பாடு இருவழியால் தளர்ந்தது. முதலாவது, வெளியிலிருந்து தீனி வாங்கி லாரியிற் கொணரும் வசதி வந்தபின், சொந்தப் போர் என்னும் அளவுகோல் பொருளிழந்தது. இரண்டாவது, யுத்தத்தின்பின் உணவுற்பத்தியைப் பெருக்கக் கருதி 1946-ஆம் ஆண்டின் மலைப் பண்ணைச் சட்டமும், அதன்பின் வந்த திட்டங்களும் தலைக்கணக்கில் உதவித்தொகை அளித்தன. ஆட்டுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று தொகை வருமாயின், உருப்படியைக் கூட்டுவதே இலாபமாகும். 1965-ஆம் ஆண்டின் பொதுநிலப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவர் உரிமையையும் எண்ணாக எழுதிவைத்தது. பதிவான எண்களின் கூட்டுத்தொகை பல இடங்களில் நிலம் தாங்கும் அளவை விஞ்சியிருந்தது. குளிர்காலத்திலும் மந்தைகள் மலையிலேயே விடப்பட்டன. புல் பட்டுப்போன அக்காலத்தில் பசுமையாக நிற்பது ஹெதர் ஒன்றே. ஆடுகள் அதன் தளிரைக் கடித்துக் கடித்து அழித்தன.

இந்நிலையில் உரிமையாளரே முன்வந்து வேண்டியதன் பயனாக 1985-இல் டார்ட்மூர்ப் பொதுநிலச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி அமைந்த கவுன்சிலின் பெரும்பான்மை அங்கத்தினர் மேய்ச்சல் உரிமையாளராலேயே தேர்ந்தெடுக்கப்படுவோர். மந்தைகளின் நலம், குறியிடுதல், அளவுக்கு மிஞ்சிய மேய்ச்சலைத் தடுத்தல் ஆகியவற்றில் விதி செய்யவும், மீறினோர்மேல் வழக்குத் தொடரவும் அதற்கு அதிகாரம் உண்டு. 1994 முதல் சர்க்கார், உருப்படியைக் குறைத்து இயற்கையைக் காப்போருக்கு உதவித்தொகை அளிக்கத் தொடங்கிற்று. 2005-இல் தலைக்கணக்கு முறையும் கைவிடப்பட்டது.

இதனால் எல்லாம் சீராயிற்றா எனில், இல்லை. மோலினியா என்னும் கொத்துப்புல் இப்பொழுது பெரும் பரப்பைப் பற்றியுள்ளது. அது மே முதல் ஜூலை வரை இளம்பச்சையாக இருக்கையில் மாடும் குதிரையும் தின்னும்; ஆடு விரும்பாது. இலையுதிர்காலத்தில் அது வெளுத்துச் சருகாகும். கோடையில் தின்னப்படாத சருகு ஆண்டுக்காண்டு சேர்ந்து பிற செடிகளை மூடுகிறது. வறண்ட வசந்தத்தில் தீக்கு இரையாகிறது. தீ ஆழச் சென்றால் பீட் மண்ணும் எரிந்து, நீர் தேங்கும் தன்மையை நிலம் இழக்கும். உருப்படியை வெறும் எண்ணிக்கையாற் குறைத்தபோது, செலவு அதிகமான மாடுகளும் விலைபோகாத குதிரைகளும் முதலிற் குறைந்தன என்பதே இங்கு நேர்ந்த தவறு.

2023-இல் இயற்கைப் பாதுகாப்பு அதிகாரிகள் மேய்ச்சலை இன்னும் பெரிதும் குறைக்க வேண்டுமென்று கூறியபோது குடியானவரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. தம் மந்தையின் லியர் அறுந்துபோகும் என்று அவர்கள் அஞ்சினர். சர்க்கார் டேவிட் ஃபர்ஸ்டன் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அதன் அறிக்கை 2023 டிசம்பரில் வெளியாயிற்று. எத்தனை தலை என்பதோடு நில்லாமல், எந்த இனம், எந்தப் பருவத்தில் என்பதையும் ஆராய வேண்டுமென்றும், கோடையில் மாடும் குதிரையும் மோலினியாவை மேய்வது பயனுடையதென்றும், குளிர்காலத்து ஆட்டு மேய்ச்சலைக் குறைத்தல் தகுமென்றும் அது கருதிற்று. பழைய கோடைமேய்ச்சல் வழக்கம் புதிய ஆராய்ச்சியால் மீண்டும் நினைவூட்டப்பட்டது எனலாம்.

9. கோடை விருந்தினர்

ஜூலை இறுதியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் பட்டணத்தார் திரளாக வருவர். 1985-ஆம் ஆண்டுச் சட்டமே பொதுநிலத்தில் நடந்தும் குதிரை மீதும் உலாவும் உரிமையைப் பொதுஜனங்களுக்கு அளித்தது. அவ்வுரிமையில் இரவு கூடாரமிட்டுத் தங்குதலும் அடங்குமா என்ற வழக்கு பல கோர்ட்டுகளிற் சென்று, அடங்கும் என்று 2025 மே மாதத்தில் பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பண்ணையாருக்கு இதனால் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. ஒருசாரார் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டும் சிற்றுண்டி விற்றும் வருமானம் பெறுகின்றனர். பல வீடுகளில் பெண்டிரின் இவ்வருமானமே பண்ணையை நிறுத்தி வைக்கிறது. மறுபுறம், கட்டவிழ்த்த நாய் ஆட்டைத் துரத்துவதும், தின்பண்டம் பெற்றுப் பழகிய குதிரை சாலையோரத்தில் நின்று வண்டியில் அடிபடுவதும் ஒவ்வொரு கோடையிலும் நிகழ்கின்றன. ஆகையால் மார்ச் முதல் நாள் தொட்டு ஜூலை இறுதிவரை நாய்களைக் குறுகிய கயிற்றிற் பிடித்திருக்க வேண்டும். வேலியற்ற சாலைகளில் மணிக்கு 40 மைலுக்கு மேற் செல்லலாகாது. குதிரைகளுக்குத் தீனி கொடுக்கலாகாது என்னும் விதிகள் ஏற்பட்டுள்ளன.

10. தொகுப்புரை

செப்டம்பரில் பெரணி செம்பழுப்பாகும். குட்டிகள் தாயினின்று பிரிக்கப்பட்டுச் சந்தைக்குச் செல்லும். பின்னர் எல்லோருங் கூடி மலையிலுள்ள குதிரைகளை ஒருங்கே ஓட்டிவந்து உடையவர் வாரியாகப் பிரிப்பர். அத்துடன் கோடைக்கணக்கு முடிவடைகிறது. களஞ்சியத்தில் எத்தனை கட்டு புல் சேர்ந்தது என்பதே அக்கணக்கின் கடைசி வரி.

இப்பாடத்தினின்று அறியக் கிடப்பவை நான்கு. பொது உரிமைக்கு எல்லோரும் கண்ணாற் காணத்தக்க ஓர் அளவு வேண்டும். அந்த அளவை உரிமையாளரே காத்து நடத்தும் சபை வேண்டும். உதவித்தொகை நல்லெண்ணத்தோடு அளிக்கப்பட்டதாயினும், அது எதனைப் பெருக்கத் தூண்டுகிறது என்று முன்னரே ஆராய வேண்டும். நிலத்தைக் காப்பது கால்நடையை அடியோடு நீக்குவதாலன்று. தக்க இனத்தைத் தக்க பருவத்திற் தக்க அளவில் மேய்ப்பதாலேயே கைகூடும்.

கிராம வாசகசாலைகளிலும் விவசாயச் சங்கங்களிலும் பின்வரும் கேள்விகளைக் குறித்துக் கலந்து பேசுதல் நலம்:

(1) ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் யார் எத்தனை உருப்படி விடலாம் என்பதை இன்று எது நிர்ணயிக்கிறது?

(2) தீனி அரிதாகும் மாதங்களுக்கென ஒவ்வொரு வீட்டாரும் சேமிக்கும் தீவனத்தின் அளவு என்ன?

(3) பொதுநிலத்தில் முன்பு இருந்து இப்பொழுது மறைந்துபோன புல் வகைகள் யாவை? அவை மறைந்த காரணம் மேய்ச்சலின் மிகுதியா, மேய்ச்சலின்மையா?

(4) மந்தையோடு செல்லும் முதியோர் அறிந்த நீர்நிலைகளும், நிழலிடங்களும், வழித்தடங்களும் இளையோருக்குச் சொல்லப்பட்டுள்ளனவா?